"வரட்டாம்" சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அயற்கூற்று வரும்

கேள்வி வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தாயுடையது. மகள் தரம் 11 இல் படிக்கிறாள், சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. ஆங்கிலத்தில் மற்ற எல்லாம் ஓரளவு செய்கிறாள். ஒருவர் சொன்னதை அவர் சொல்லிலேயே தரும் நேர்க்கூற்றை, நம் வாயால் திருப்பிச் சொல்லும் அயற்கூற்றாக மாற்றச் சொன்னால் மட்டும் தடுமாறுகிறாள். டியூஷனில் கொடுத்த அட்டவணை முழுக்கப் பாடம். "டுமொரோ" என்றால் "த நெக்ஸ்ட் டே", "ஹியர்" என்றால் "தெயார்", "வில்" என்றால் "வுட்" என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளாம். ஆனால் வசனம் ஒன்றைக் கொடுத்தால் பிழைத்துவிடுகிறது. கொப்பியிலிருந்து மூன்று வசனங்களையும் எழுதி அனுப்பியிருக்கிறார்:

ஹீ டோல்ட் தட் ஐ வில் கம் டுமொரோ.
ஷீ ஆஸ்க்ட் ஃப்ரொம் மீ தட் வெயார் ஆர் யூ கோயிங்.
அம்மா செட் டு மீ டோன்ட் பீ லேட்.

மூன்றையும் வாசித்ததும் எனக்குப் பிள்ளையின் மேல் நம்பிக்கைதான் வந்தது. இவள் கண்டபடி எழுதவில்லை. ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒழுங்கான ஒரு தமிழ் வசனம் இருக்கிறது. "நான் நாளைக்கு வாறேன் என்று சொன்னார்." "எங்க போறீங்க என்று என்னிடம் கேட்டா." "சுணங்க வேண்டாம் என்று அம்மா எனக்குச் சொன்னா." தமிழில் மூன்றும் சரி. "என்று" இருந்த இடத்தில் "தட்" போட்டிருக்கிறாள், "என்னிடம்" இருந்த இடத்தில் "ஃப்ரொம் மீ" போட்டிருக்கிறாள். கொழும்பில் பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதே மூன்று பிழைகளையும் எத்தனையோ கொப்பிகளில் வட்டமிட்டிருக்கிறேன்.

ஆகவே அட்டவணையைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். முதலில் நம்முடைய "என்று" என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

"என்று" பொதி கட்டுகிற சொல். ஒருவர் சொன்னதை அப்படியே சுற்றிக் கட்டி அடுத்தவர் கையில் கொடுக்கிறோம். உள்ளே இருக்கும் "நான்" மாறாது, "நாளைக்கு" மாறாது, கேள்வி கேள்வியாகவே இருக்கும். "நான் வரமாட்டேன் என்று அவன் சொன்னான்" என்றால் வராதவன் அவன்தான் என்று தமிழ் கேட்கும் எல்லோருக்கும் விளங்கும். கொழும்பில் வளரும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் இரண்டு பக்கத்தாலும் வருகிறது. பக்கத்து வீட்டில் "மம ஹெட்ட எனவா கியலா கிவ்வா" (நான் நாளைக்கு வாறேன் என்று சொன்னார்) என்று சிங்களத்தில் சொல்கிறார்களே, அந்தக் "கியலா" செய்வதும் இதே பொதி கட்டும் வேலைதான். இரண்டு மொழி ஒரே மாதிரி நடந்தால் மூன்றாவதும் அப்படித்தான் நடக்கும் என்று பிள்ளை எடுத்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆங்கிலத்தில் பொதி கட்டுவதற்கு மேற்கோள்குறி இருக்கிறது. ஹீ செட், "ஐ வில் கம் டுமொரோ." இதுதான் நேர்க்கூற்று. "செட்"டுக்குப் பிறகு காற்புள்ளி, மேற்கோளுக்குள் முதல் எழுத்து பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி மேற்கோள்குறிக்கு உள்ளே. அவ்வளவுதான், இதில் பெரிதாகப் படிக்க ஒன்றுமில்லை.

"தட்" பொதி கட்டாது. மேற்கோள்குறியை எடுத்துவிட்டு "தட்" போட்ட அந்த நிமிடமே சொன்னவர் விலகிவிட்டார். இனிக் கதைப்பது நீங்கள். ஆகவே ஆட்களை உங்கள் இடத்திலிருந்து பார்க்க வேண்டும், நாளையும் நேரத்தையும் உங்கள் கடிகாரத்திலிருந்து எண்ண வேண்டும். ஆங்கில அயற்கூற்றின் அத்தனை விதியும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. "தட்" என்ற சொல்லை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, "ஹீ செட் ஹீ வுட் கம்" என்பதும் சரியே. நிற்கும் இடத்தை மட்டும் மாற்றாமல் விட முடியாது.

இதைப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவளுக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும்.

பின்னேரம் ஒழுங்கையில் அண்ணன் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருக்கிறான். அம்மா வாசலில் நின்று, "டேய், இங்க வா! நான் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கிறேன்" என்று கூப்பிடுகிறா. அவனுக்குக் கேட்கவில்லை. ஐந்து வயதுத் தங்கச்சி ஓடிப்போய்ச் சொல்கிறாள்: "அண்ணா, அம்மா உங்களை வீட்ட வரட்டாம். தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கிறாவாம்."

அந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்று நிதானமாகப் பாருங்கள். அம்மா சொன்ன "நான்" காணாமல் போய், "வச்சிருக்கிறேன்" என்பது "வச்சிருக்கிறா" ஆகிவிட்டது. "இங்க" என்பதை அப்படியே சொன்னால் ஒழுங்கையைக் குறிக்கும், அதனால் "வீட்ட" ஆக்கிவிட்டாள். "வா" என்ற கட்டளை "வரட்டாம்" ஆகிவிட்டது. "டேய்" போயே போய்விட்டது, தங்கச்சி அண்ணனை டேய் என்று கூப்பிட முடியாதே. ஆள், இடம், கட்டளை மூன்றையும் மாற்றிவிட்டாள். அட்டவணையை அவள் கண்ணாலும் கண்டதில்லை.

நம் வீடுகளில் எல்லோரும் வினையின் கடைசியில் ஒட்டி நாள் முழுக்கச் சொல்லும் இந்த "ஆம்" முழுமையான அயற்கூற்று. "என்று" சொன்னவரின் இடத்தில் நிற்கும். "ஆம்" சொல்பவரின் இடத்தில் நிற்கும். ஆங்கிலம் கேட்பது இரண்டாவதை. ஆகவே என் வகுப்பில் பிள்ளைகளை முதலில் வசனத்தை "ஆம்" போட்டுச் சொல்லவைப்பேன், பிறகுதான் ஆங்கிலத்தில் எழுதவிடுவேன். உங்கள் மகளின் முதல் வசனத்தை "நாளைக்கு வருவாராம்" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "வருவார்" என்று வந்துவிட்டால் "ஐ" எழுத வராது, "ஹீ" தானாக வரும். பாதிப் பிழை அங்கேயே போய்விடும்.

மிச்சப் பாதி காலம். இதுதான் தமிழ்ப் பிள்ளைக்கு உண்மையாகவே புதியது. தமிழில் ஆள் மாறும், காலம் மாறாது. "தாம் அடுத்த வாரம் யாழ்ப்பாணம் செல்வதாக அமைச்சர் தெரிவித்தார்" என்று பத்திரிகையில் வாசிக்கிறோம். "தெரிவித்தார்" இறந்தகாலம், "செல்வதாக" எதிர்காலம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில் நமக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் வெளியே "செட்" என்று இறந்தகாலம் வந்தால் உள்ளே இருக்கும் வினையையும் அது ஒரு படி பின்னுக்கு இழுக்கும். சொன்னவருக்கு "இப்போது" ஆக இருந்தது, திருப்பிச் சொல்பவருக்கு "அப்போது" ஆகிவிட்டது என்பதுதான் காரணம். "ஐ ஆம் டயர்ட்" என்றவள் களைத்திருந்தது அவள் பேசிய நேரத்தில். அதை நான் பிறகு சொல்கிறேன், ஆகவே "ஷீ செட் ஷீ வொஸ் டயர்ட்."

எல்லாம் ஒரு படிதான். "இஸ்" "வொஸ்" ஆகும், "ஹேவ்" "ஹேட்" ஆகும், "வில்" "வுட்", "கேன்" "குட்", "மே" "மைட்". "மஸ்ட்" பெரும்பாலும் "ஹேட் டு" ஆகும். ஏற்கனவே பின்னுக்குப் போய் நிற்கிற "வுட்", "குட்", "மைட்", "ஷுட்" நான்கும் அசையாது. சாதாரண இறந்தகாலம் இன்னும் ஒரு படி போய் "ஹேட்" எடுக்கும்: "ஐ லொஸ்ட் மை டிக்கெட்" என்றால் "ஹீ செட் ஹீ ஹேட் லொஸ்ட் ஹிஸ் டிக்கெட்." இந்தக் கடைசியில் ஆங்கிலம் பேசுபவர்களே கண்டிப்பாக இருப்பதில்லை. எது முன், எது பின் என்பது தெளிவாக இருந்தால் "ஹேட்" இல்லாமலும் சொல்வார்கள். "ஹீ செட் ஹீ வொஸ் போர்ன் இன் 1985" என்பதை யாரும் "ஹேட் பீன் போர்ன்" ஆக்க மாட்டார்கள்.

காலத்தை மாற்றத் தேவையில்லாத இடம் இரண்டு. வெளியே இருக்கும் வினை நிகழ்காலமாக இருந்தால் உள்ளே எதுவும் அசையாது: "அம்மா செஸ் ஷீ இஸ் டயர்ட்." இரண்டாவது, சொன்ன விஷயம் இன்றைக்கும் உண்மையாக இருந்தால் மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். "ஹீ செட் ஹீ லிவ்ஸ் இன் கொட்டாஞ்சேனை" என்றாலும் சரி, "லிவ்ட்" என்றாலும் சரி. சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்பது போன்றவற்றை நிகழ்காலத்திலேயே விட்டுவிடுவது வழக்கம். மற்றபடி, மாற்றுவதா விடுவதா என்று பரீட்சையில் சந்தேகம் வந்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள். மாற்றி எழுதியதைப் பிழை என்று சொல்வதற்கு இடம் குறைவு.

நாள், நேரம், இடம் குறிக்கும் சொற்களை எல்லோரும் அட்டவணையாகத்தான் படிப்பிக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு அனுபவம் இருக்கிறது.

நான் முதன்முதலில் வேலைக்குப் போனது கோட்டையில் ஒரு கந்தோருக்கு. ஒரு திங்கட்கிழமை பின்னேரம், முகாமையாளர் வெளிக்கிட்ட பிறகு, ஒரு வாடிக்கையாளர் போன் எடுத்தார். "ஐ வில் கம் டு யுவர் ஒஃபிஸ் டுமொரோ" என்றார். நான் ஒரு துண்டில் "ஹீ செட் ஐ வில் கம் டு யுவர் ஒஃபிஸ் டுமொரோ" என்று எழுதி, திகதி போடாமல், முகாமையாளரின் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். அவர் அதைச் செவ்வாய் காலையில் வாசித்தார். "டுமொரோ" என்றால் புதன்கிழமை என்று எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். வாடிக்கையாளர் செவ்வாய் பத்து மணிக்கே வந்து, பன்னிரண்டு மணி வரைக்கும் என் முன்னால் கதிரையில் இருந்துவிட்டு எழும்பிப் போனார். முகாமையாளர் திரும்பி வந்ததும் என்னை ஏசவில்லை. துண்டை என் மேசையில் வைத்து, "எந்த டுமொரோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் துண்டில் இருக்க வேண்டியது "ஹீ செட் ஹீ வுட் கம் டு த ஒஃபிஸ் ஒன் டியூஸ்டே." நாளின் பெயரையே எழுதிவிட்டால் யாரும் எந்த நாளில் வாசித்தாலும் குழப்பமில்லை. "யுவர் ஒஃபிஸ்" என்று அவர் சொன்னது நம்முடைய கந்தோரை, ஆகவே "த ஒஃபிஸ்" போதும். "கம்" மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். எழுதும் நான் அதே கந்தோரில் இருக்கிறேன், அவர் என்னிடம் "வருகிறார்". நான் வேறெங்கோ இருந்து சொல்லியிருந்தால் "கோ" ஆகியிருக்கும். அதேபோல அன்று பின்னேரமே முகாமையாளருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தால் "ஹீ செட் ஹீ வுட் கம் டுமொரோ" என்றே சொல்லியிருக்கலாம், ஏனென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் நாளை அதே நாளைதான். அட்டவணை இதைச் சொல்லாது. "டுமொரோ" எப்போதும் "த நெக்ஸ்ட் டே" ஆகும் என்று பாடமாக்கிய பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. சொல்பவர் இப்போது எங்கே, எந்த நாளில் இருக்கிறார் என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அட்டவணை தேவைப்படாது. பரீட்சை வசனங்களில் யார், எப்போது, எங்கிருந்து திருப்பிச் சொல்கிறார் என்ற விவரம் இருப்பதில்லை. அதனால் அங்கே மட்டும் "த நெக்ஸ்ட் டே", "தட் டே", "தெயார்" என்று எழுதுவது பாதுகாப்பு.

இனிக் கேள்விகள். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுகிறோம், நடத்துனர் கேட்கிறார்: "வெயார் ஆர் யூ கோயிங்?" இதைத் திருப்பிச் சொன்னால், "ஹீ ஆஸ்க்ட் மீ வெயார் ஐ வொஸ் கோயிங்." நடத்துனர் கேட்டது கேள்வி. நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஆகவே கேள்விக்குறி கிடையாது. "ஆர் யூ" என்று புரண்டு கிடந்தது நேராகி, எழுவாய் முன்னுக்கும் வினை பின்னுக்கும் வந்துவிடும். "வெயார் வொஸ் ஐ கோயிங்" என்று பாதி மாற்றி எழுதுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. "வெயார்" என்ற சொல்லே இரண்டு பகுதியையும் இணைத்துவிடுவதால் அங்கே "தட்" வராது.

அடுத்து, "டு யூ ஹேவ் சேஞ்ச்?" என்கிறார். தமிழில் "சில்லறை இருக்கா என்று கேட்டார்" என்போம். அந்த "இருக்கா"வின் கடைசி "ஆ" செய்யும் வேலையை ஆங்கிலத்தில் "இஃப்" அல்லது "வெதர்" செய்கிறது: "ஹீ ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் சேஞ்ச்." கேள்விக்காக வந்த "டு" கேள்வியோடு போய்விடும். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய எந்தக் கேள்விக்கும் இதுதான் வழி.

அதே பஸ்ஸில் கட்டளையும் கேட்கலாம். "கோ இன்சைட்! டோன்ட் ஸ்டேண்ட் ஒன் த ஃபுட்போர்ட்!" உள்ளே போகட்டாம், மிதிபலகையில் நிற்க வேண்டாமாம். "போகட்டாம்" வந்த இடத்தில் "டு", "வேண்டாமாம்" வந்த இடத்தில் "நொட் டு": "ஹீ டோல்ட் அஸ் டு கோ இன்சைட் அண்ட் நொட் டு ஸ்டேண்ட் ஒன் த ஃபுட்போர்ட்." இங்கே காலம் மாற்றும் வேலையே இல்லை, "டு"வுக்குப் பிறகு வினை அப்படியே நிற்கும். மகளின் மூன்றாவது வசனம் இதே வகை. "சுணங்க வேண்டாமாம்" என்பதால் "அம்மா டோல்ட் மீ நொட் டு பீ லேட்."

"ப்ளீஸ்" வந்தால் "டோல்ட்" என்பதற்குப் பதிலாக "ஆஸ்க்ட்" போட்டால் போதும். அந்த மரியாதை வினைக்குள் போய்விடுகிறது. ஒரு சிநேகிதி "ப்ளீஸ் லெண்ட் மீ யுவர் கல்குலேட்டர்" என்கிறாள். பிள்ளைகள் "மீ", "யுவர்" இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பார்கள். "என்ட கல்குலேட்டரைத் தனக்குத் தரட்டாம்" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "என்ட" என்றால் "மை", "தனக்கு" என்றால் "ஹேர்": "ஷீ ஆஸ்க்ட் மீ டு லெண்ட் ஹேர் மை கல்குலேட்டர்."

"செட்", "டோல்ட்", "ஆஸ்க்ட்" மூன்றையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் "சொன்னார்" ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஆங்கிலத்தில் "டோல்ட்"டுக்குப் பின்னால் உடனே ஆள் வர வேண்டும், நடுவில் "டு" வராது: "டோல்ட் மீ". "செட்" ஆள் இல்லாமலே நிற்கும், ஆளைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் "செட் டு மீ". ஆகவே மகளின் முதல் வசனம் "ஹீ செட் தட் ஹீ வுட் கம் த நெக்ஸ்ட் டே", அல்லது "ஹீ டோல்ட் மீ" என்று தொடங்கும். "ஆஸ்க்ட்" என்பதும் நேராக ஆளை எடுக்கும். "ஆஸ்க்ட் ஃப்ரொம் மீ" என்பதைக் கொழும்பில் நல்ல ஆங்கிலம் பேசுபவர்கள் வாயிலும் கேட்கலாம், "என்னிடம்" அவ்வளவு ஆழமாக உள்ளே இருக்கிறது. எழுத்தில் "ஆஸ்க்ட் மீ" தான்.

சில பேச்சுகளை இப்படி முழுசாகத் திருப்பிச் சொல்லவே தேவையில்லை, சரியான வினை ஒன்றே போதும். "தேங்க் யூ" என்றால் "ஹீ தேங்க்ட் மீ". "ஐ வோன்ட் டூ இட்" என்றால் "ஷீ ரெஃபியூஸ்ட் டு டூ இட்". "லெட்ஸ் கோ டு கோல் ஃபேஸ்" என்றால் "ஹீ சஜெஸ்டெட் கோயிங் டு கோல் ஃபேஸ்". இங்கே "சஜெஸ்டெட் டு கோ" பிழை, அதை மட்டும் நினைவில் வைக்கட்டும். பழைய இலக்கணப் பயிற்சிகளில் "அலஸ்!" என்று அழுபவரை "எக்ஸ்கிளெய்ம்ட் வித் சொரோ" ஆக்கும் வசனங்கள் பக்கம் பக்கமாக வரும். அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம். அப்படி இன்று யாரும் எழுதுவதில்லை.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா என்று மகள் கேட்கக்கூடும். கூட்ட அறிக்கை எழுதும் எவருக்கும் இது அன்றாட வேலை. தலைவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லில் எழுதாமல், சொன்ன விஷயத்தை எழுத வேண்டும். பிரித்தானியப் பாராளுமன்றத்தின் உரைப் பதிவான ஹன்சாட் கூட நெடுங்காலம் உரைகளைப் பெரும்பாலும் அயற்கூற்றில்தான் அச்சிட்டது. 1909 இல் பாராளுமன்றமே அதைப் பொறுப்பெடுத்த பிறகுதான் உறுப்பினர்கள் பேசியதைக் கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் "ஐ" என்றே பதிவு செய்யத் தொடங்கினார்கள். சொன்ன சொல்லே முக்கியமான இடத்தில் நேர்க்கூற்று, சொன்ன விஷயம் போதும் என்ற இடத்தில் அயற்கூற்று என்று பிரித்துக் காட்டுங்கள், அவளுக்கு விளங்கும்.

பயிற்சிக்குப் புத்தகம் வேண்டாம். இரண்டு கிழமைக்கு, பாடசாலையால் வந்ததும் அன்றைக்கு யாராவது தன்னிடம் சொன்ன மூன்று விஷயங்களைக் கொப்பியில் எழுதட்டும்: ஒரு செய்தி, ஒரு கேள்வி, ஒரு கட்டளை. ஒவ்வொன்றுக்கும் முதல் வரி "ஆம்" போட்ட தமிழ், இரண்டாவது வரி ஆங்கிலம். "வகுப்பாசிரியர் கேட்டா, நான் ஏன் நேற்று வரேல்லையாம்." அதன் கீழே, "மை கிளாஸ் டீச்சர் ஆஸ்க்ட் மீ வை ஐ ஹேட் நொட் கம் த டே பிஃபோர்." அன்றைக்கே எழுதுவதால் "யெஸ்டர்டே" என்று எழுதியிருந்தாலும் சரி போடுங்கள். ஏன் அதுவும் சரி என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.